குடும்ப வரலாற்று ஆர்வலர்களுக்கு ஓர் இலவச இணையக் குழுமம்: கேள்வி பதில்

குடும்ப வரலாற்றைத் தேடுபவர்களுக்காக இணையத்தில் இலவசக் குழுமம் அமைக்க விரும்புவோர் கேட்ட கேள்விகளுக்கு, அத்தகைய பணியில் நீண்ட பழக்கமுள்ள உறுப்பினர் ஒருவர் அளித்த விடைகள் இவை.

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து குழுமம் தொடங்க இருக்கிறோம். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

மென்பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெப்ட்ரீஸ், கிராம்ப்ஸ் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் முடிவு செய்ய வேண்டியது எல்லையை. எல்லா ஊர்களுக்கும் எல்லாக் காலங்களுக்கும் என்று திறந்துவைத்தால், வருபவர் தம் முன்னோரின் பெயரைத் தேடிப் பார்ப்பார், கிடைக்காது, அத்தோடு திரும்பி வரமாட்டார். 1998இல் தொடங்கப்பட்ட ஃப்ரீபிஎம்டி என்ற தன்னார்வத் திட்டம், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1837 முதல் பதிவான பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசு அட்டவணையை மட்டுமே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அந்தக் குறுகலே அதன் பலம் என்பது என் கருத்து. தன்னார்வலருக்கு இன்று எந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. தேடி வந்தவருக்கும் அங்கே எது இருக்கும், எது இருக்காது என்பது தெரிந்திருந்தது. நீங்களும் ஒரு பதிவேட்டையோ, ஒரு வட்டாரத்தையோ, ஒரு குடும்பப் பெயரையோ தேர்ந்துகொள்ளுங்கள். கேள்வி கேட்க வந்தவர் விடை கிடைத்ததும் போய்விடுவார். கையில் வேலை உள்ளவர்தான் தங்குவார்.

கேள்வி: இலவசம் என்று சொல்லிவிடுகிறோம். செலவை எப்படிச் சமாளிப்பது?

எழுத்து வடிவிலான தரவுகளுக்குச் செலவு மிகக் குறைவு. இலட்சக்கணக்கான பெயர்களும் சிறிய இடத்தில் அடங்கிவிடும். பணத்தை விழுங்குபவை படங்கள். மூல ஸ்கேன்களைத் தனியாகக் காப்பில் வைத்து, பார்வைக்குச் சுருக்கிய படத்தை மட்டும் தளத்தில் ஏற்றினால் பாதிச் சுமை இறங்கிவிடும். மீதியை நன்கொடையால் ஈடுகட்டலாம். வரவு செலவை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டால் கொடுப்பவர்கள் தயங்கமாட்டார்கள்.

இதைவிட முக்கியமானது, எது இலவசம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது. பார்ப்பது மட்டும் இலவசமா? சேர்ப்பதும் இலவசமா? சேர்த்ததை எடுத்துச் செல்வதும் இலவசமா? ரூட்ஸ்வெப் என்ற தன்னார்வத் தளம் 2000ஆம் ஆண்டில், பின்னாளில் ஆன்செஸ்ட்ரி என்று பெயர் பெற்ற, கட்டணம் வாங்கும் வம்சாவளி நிறுவனத்தின் கைக்குப் போனது. 1995இல் ஒருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஃபைண்ட் எ கிரேவ் என்ற கல்லறைப் பதிவுத் தளம் 2013இல் அதே நிறுவனத்திடம் சேர்ந்தது. அதன் பதிவுகளை இன்றும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கைமாறுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கைமாறும்போது உழைத்தவர்களுக்கு என்ன உரிமை என்று எங்கும் எழுதப்படாமல் இருப்பதுதான் தவறு.

கேள்வி: உறுப்பினர்கள் சேர்க்கும் தகவல்கள் யாருடைய உடைமை?

ஒருவர் இன்ன நாளில் பிறந்தார் என்ற தகவலுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் அதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கும் எடுத்த புகைப்படத்துக்கும் உண்டு. தரவுத் தொகுப்புக்கென்றே தனி உரிமை தரும் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996 முதல் இருக்கிறது. ஆகவே உறுப்பினராகச் சேரும்போதே, தாம் அளிப்பவற்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற, பிறரும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் ஒரு திறந்த உரிமத்தில் அளிப்பதாக ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெற்றுவிடுங்கள். பத்தாண்டு கழித்து இதைக் கேட்கப் புறப்பட்டால், பாதிப் பேரின் மின்னஞ்சல் முகவரி செயல்படாது. சிலர் உயிருடனே இருக்கமாட்டார்கள். இத்துறைக்கு வருபவர்களில் மூத்தவர்கள் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: உயிருடன் இருப்பவர்களின் விவரங்களை வெளியிடலாமா?

கூடாது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறந்தவர்களுக்குப் பொருந்தாது, உயிருடன் இருப்பவர்களுக்கு முழுமையாகப் பொருந்தும். அமெரிக்கா தன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகள் பூட்டிவைக்கிறது. பிரிட்டன் 100 ஆண்டுகள். குழுமத்துக்கு நான் பரிந்துரைக்கும் விதி எளியது: இறப்புக்குச் சான்று இல்லாமலும் பிறந்து 110 ஆண்டுகள் கடக்காமலும் உள்ள எவரையும் உயிருடன் இருப்பவராகவே கொண்டு, பெயர் உட்பட அனைத்தையும் மறைத்துவிட வேண்டும். பிறந்த நாளும், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் பல இடங்களில் அடையாளம் சரிபார்க்கும் கேள்விகளாக இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

டிஎன்ஏ கோப்புகளைப் பெற்றுச் சேமிக்கவே வேண்டாம் என்பேன். உறவினர்களைப் பொருத்திப் பார்ப்பதற்காக 2010இல் தொடங்கப்பட்ட ஜெட்மேட்ச் தளத்தைக் கொண்டு, 2018இல் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய கொலை வழக்கின் குற்றவாளியைக் காவல்துறை அடையாளம் கண்டது. நீதி கிடைத்தது நல்லதுதான். ஆனால் ஒருவர் ஏற்றும் கோப்பு, சம்மதமே கேட்கப்படாத அவருடைய ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவினர்களையும் சேர்த்தே வெளிப்படுத்துகிறது என்பதை அந்த வழக்கு எல்லாருக்கும் காட்டியது. அந்தப் பொறுப்பைச் சுமக்கும் வலு ஒரு சிறிய தன்னார்வக் குழுமத்துக்குக் கிடையாது.

கேள்வி: அனைவருக்கும் பொதுவான ஒரே குடும்ப மரமா, ஆளுக்கொரு மரமா? எங்கள் குழுவில் இதிலேயே சண்டை வந்துவிட்டது.

சண்டை வருவது இயல்புதான். பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு அந்தப் படியில் மட்டும் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு; அவற்றில் பலவற்றை வேறு குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். ஒரே மரம் என்றால், ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மாற்றுவார். தனி மரங்கள் என்றால், ஒரு பிழை நூறு மரங்களுக்குப் பரவி, 'இத்தனை பேர் சொல்கிறார்களே' என்ற பொய்யான பலத்தைப் பெற்றுவிடும்.

எதிரில் அடிக்கடி வந்து நிற்கும் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். ஒரே பெற்றோர், ஒரே ஊர், ஒரே பெயர், மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு பிறப்புப் பதிவுகள். ஆண்டு தவறாக எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்து ஆர்வலர் இரண்டையும் இணைத்துவிடுவார். உண்மையில் மூத்த குழந்தை இறந்துபோக, அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். பல சமூகங்களில் இருந்த வழக்கம்தான் இது. இணைத்ததன் விளைவாக, இரண்டு வயதில் இறந்து இருபத்தைந்து வயதில் பிள்ளை பெற்ற ஒருவர் மரத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பிரித்தெடுப்பது, இணைப்பதைப் போலப் பத்து மடங்கு வேலை.

என் யோசனை இது: ஆவணங்களைப் பொதுவில் வையுங்கள், முடிவுகளை அவரவர் பெயரில் வையுங்கள். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் சண்டைக்கு இடம் குறைவு. அது யாரைக் குறிக்கிறது என்பதில்தான் சண்டையே. இருவர் வெவ்வேறு முடிவுக்கு வந்தால் இரண்டையும் காரணத்தோடு அருகருகே வையுங்கள். வம்சாவளி ஆய்வாளர்கள் பின்பற்றும் சான்று நெறியும் இதையே வலியுறுத்துகிறது: இயன்ற வரை எல்லா ஆவணங்களையும் தேடுதல், ஒவ்வொன்றின் மூலத்தையும் குறித்தல், சான்றுகளை எடைபோடுதல், முரண்களைத் தீர்த்தல், முடிவைக் காரணத்தோடு எழுதிவைத்தல்.

கேள்வி: பழைய பதிவேடுகளைத் தன்னார்வலர்கள் படியெடுக்கும்போது பிழைகள் வராதா?

வரும். அதனால்தான் ஒரே பக்கத்தை இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் தட்டச்சு செய்ய, வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவர் மூலப் படத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யும் முறை வந்தது. எனவே மூன்று பேர் இருந்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.

படியெடுப்பவருக்கு ஒரே கட்டளை: கண்ணில் பட்டதை எழுதுங்கள், சரி என்று தோன்றுவதை எழுதாதீர்கள். எழுத்து தெளிவாக இல்லையென்றால் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போதும். விளக்கத்துக்கென்று தனிக் கட்டம் இருக்கட்டும். தேதியிலும் இதே எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 என்பதால், ஒரு பதிவேட்டில் 1731 பிப்ரவரி என்று இருப்பது இன்றைய கணக்கில் 1732 ஆகும். படியெடுப்பவர் அதைத் தாமே 'திருத்தி', பின்னால் வருபவர் இன்னொரு முறை திருத்தினால் ஓராண்டு கூடிப்போகும்.

பெயர்களுக்கும் இது பொருந்தும். ஒலி ஒற்றுமையைக் கொண்டு பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918இலேயே காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் அது ஆங்கில ஒலிப்பை மனத்தில் வைத்து உருவானது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பெயர்களுக்கு அது சரிவராததால் 1985இல் டைட்ச்-மோகோடாஃப் என்ற வேறு முறையை உருவாக்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்தைப் போலத் தந்தை பெயரையே பின்னால் சேர்த்துக்கொள்ளும் சமூகத்தில், குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம் தந்தையையும் மகனையும் வெவ்வேறு குடும்பமாக்கிவிடும். முழுப் பெயருக்கு ஒரே கட்டம், உறவுகளுக்குத் தனிக் கட்டம் என்று படிவத்தை அமையுங்கள்.

கேள்வி: ஜெட்காம் கோப்புகளை ஏற்க வேண்டுமா?

1984 முதல் வம்சாவளி மென்பொருள்களுக்கிடையே தகவலைக் கொண்டுசெல்லும் பொது வடிவம் அது. 2021இல் அதன் 7.0 பதிப்பு வந்தது. வெளியே எடுத்துச் செல்லும் வசதி கட்டாயம் வேண்டும். உள்ளே ஏற்றுவதற்கு மட்டும் அளவு வையுங்கள். மூலம் ஒன்றுகூடக் குறிக்கப்படாத பல்லாயிரம் பெயர்களை ஒருவர் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனால், அவற்றில் இரட்டைப் பதிவுகளைக் களைவது மற்றவர்கள் தலையில் விழும்.

கேள்வி: 'என் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்துத் தாருங்கள்' என்று மட்டும் எழுதுபவர்களை என்ன செய்வது?

கடிந்துகொள்ளாமல் ஒரு சிறு படிவத்தைக் கொடுங்கள்: பெயரும் அதன் வேறு எழுத்து வடிவங்களும், தோராயமான ஆண்டு, இடம், இதுவரை பார்த்த ஆவணங்கள், இப்போது தெரிய வேண்டிய ஒரே ஒரு செய்தி. நிரப்பும்போதே பலருக்கு அடுத்துத் தேட வேண்டிய இடம் புரிந்துவிடும்.

கேள்வி: தொடங்கியவர் விலகினாலோ, இறந்துவிட்டாலோ குழுமம் என்னவாகும்?

இலவசக் குழுமங்கள் பெரும்பாலும் பணமில்லாமல் மூடுவதில்லை. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, ஒரே ஒருவர் பெயரில் இருந்து, புதுப்பிக்கும் அறிவிப்பு யாரும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போனதால் மறைந்துபோகின்றன. டொமைன், சர்வர், நன்கொடைக் கணக்கு மூன்றின் கடவுச்சொற்களும் குறைந்தது மூவரிடம் இருக்க வேண்டும். இயன்றால் எல்லாவற்றையும் பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் பெயருக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தரவையும் சிஎஸ்வி போன்ற எளிய எழுத்து அட்டவணைக் கோப்புகளாக்கி, வெளியிடத் தடையில்லாதவற்றை ஒரு நூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்திலும் சேர்த்துவிடுங்கள். அந்தக் கோப்புகளோடு, எந்த நெடுவரிசையில் என்ன இருக்கிறது, எந்தக் குறி எதைக் குறிக்கிறது, மூலப் பதிவேடு எங்கே உள்ளது என்று விளக்கும் ஒரு பக்கக் குறிப்பும் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால், கோப்பைத் திறப்பவருக்கு அந்த எண்களில் எது பிறந்த ஆண்டு, எது பக்க எண் என்றுகூடத் தெரியாது.