கோணல் ஸ்டீயரிங், அணையாத ஏர்பேக் லைட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழை நின்று சாலையெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடக்கும் மாதங்களில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஸ்டீயரிங்கைப் பற்றித்தான். இந்த முறை அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கரணையிலிருந்து: ரேடியல் ரோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததிலிருந்து, வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் இடது பக்கம் சாய்ந்தே இருக்கிறது. கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். பள்ளத்தில் விழுந்த பிறகு கோணல் வந்தது என்றால் ஸ்டீயரிங் அப்படியேதான் இருக்கிறது, கீழே ஏதோ நகர்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும் டை ராட், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பல்லைத் தள்ளி மாட்டினால் பார்க்க நேராக இருக்கும், டயர் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருக்கும். கணக்கும் ஒத்து வராது: ஸ்டீயரிங் மாட்டும் தண்டின் முனையைச் சுற்றி 36 பல் இருந்தால் ஒரு பல் என்பது 10 டிகிரி, உங்கள் கோணல் 4 டிகிரி என்றால் இந்தப் பக்கம் கோணலாக இருந்தது அந்தப் பக்கம் 6 டிகிரி கோணலாகும், அவ்வளவுதான். சில கார்களில் ஒரே நிலையில்தான் மாட்டவே முடியும்.

வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடது கோடி வரை ஒடித்து, அங்கிருந்து வலது கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மூன்று சுற்று என்றால் ஒன்றரைச் சுற்று திரும்பி வந்து நிறுத்திப் பாருங்கள். அங்கே ஸ்டீயரிங் நேராக நின்றால் அது சரியாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது, வேலை அலைன்மென்ட்டில், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வதில். அங்கேயே நன்றாகக் கோணலாக நின்றால் முன்பு யாரோ கழற்றித் தப்பாக மாட்டியிருக்கிறார்கள், அப்போது மட்டும்தான் கழற்றும் பேச்சு.

அலைன்மென்ட் கடையில் ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டு பக்க டை ராடையும் திருப்பச் சொல்லுங்கள். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருப்பி அனுப்பினால் திரையில் எண்கள் பச்சையாக இருக்கும், ஸ்டீயரிங் கோணலாகவே இருக்கும். இன்னொன்று, தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் இடது ஓரம் சரிவாக இருக்கும், அதனால் நல்ல வண்டியும் லேசாக இடது பக்கம் இழுக்கும். சமமான இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆவடியிலிருந்து: சின்னச் சின்ன வேலைகளை நானே செய்து பழகியவன். ஸ்டீயரிங்கைக் கழற்றியே ஆக வேண்டும், ஏர்பேக் உள்ள வண்டி. எப்படிச் செய்வது?

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் தொடாதீர்கள். ஏர்பேக் என்பது விபத்தில் சுமார் 30 மில்லி செகண்டில், அதாவது கண் இமைப்பதற்குள், வெடித்து விரியும் பொருள். அதன் முன்னால் உங்கள் முகம் இருக்கும்.

முன்சக்கரங்களை நேராக வைத்துவிட்டு சாவியை அணையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அது தானாகத் திரும்பிப் போய் ஒட்டாதபடி துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் காத்திருங்கள். மோதலில் பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காக அதன் கன்ட்ரோல் யூனிட்டில் ஒரு கெபாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 90 விநாடி போதும் என்று சொல்லும் மேனுவலும் உண்டு, அதற்கு மேல் கேட்பதும் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் நான் பத்து நிமிடத்துக்குக் குறைந்து கை வைப்பதில்லை, மேனுவல் அதிகம் சொன்னால் அதிகம்.

காத்திருந்த பிறகு, வண்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கட்டும். ஸ்டீயரிங்கின் நடுவே ஏர்பேக்கை உள்ளே வைத்திருக்கும் பேட் சில வண்டியில் போல்ட்டில் நிற்கும், சிலதில் பின்பக்க ஓட்டை வழியாக அழுத்தி விடுவிக்கும் கிளிப்பில் நிற்கும். முகத்தை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் இருந்து கழற்றுங்கள். பின்னால் மஞ்சள் கனெக்டர் இருக்கும், அதன் பூட்டைச் சின்ன ஸ்குரூடிரைவரால் மெல்லத் தூக்கிவிட்டுத்தான் உருவ வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மல்டிமீட்டரை அதில் வைக்கவே வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரமே அதற்குப் போதுமானதாகிவிடலாம்.

கழற்றிய பேட்டை அதன் முகம் உங்களைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி தூக்கிப் போய், முகம் மேலே பார்க்க மேஜையில் வையுங்கள், வெயிலில் வேண்டாம். கவிழ்த்து வைத்து அது வெடித்தால் பை தரையை உதைக்கும், மொத்த இரும்பும் ராக்கெட் மாதிரி மேலே வரும்.

அடுத்து நடு நட்டு. ஸ்டீயரிங் லாக்கில் பாரம் போடாமல், ஒருவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள நீங்கள் நட்டை இளக்குங்கள். முழுதாக எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று மரை மிச்சம் இருக்கட்டும். தண்டின் முனையிலும் அதைச் சுற்றியுள்ள இரும்பிலும் சேர்ந்தாற்போல வெள்ளை பெயின்ட்டில் ஒரே கோடு இழுங்கள். நெயில் பாலிஷ்கூடப் போதும். பிறகு வளையத்தை இரு கையாலும் மாற்றி மாற்றி அசைத்து இழுத்தால் ஒரு 'டக்' சத்தத்தோடு பல் விடும். நான் வேலை கற்றுக்கொண்ட ஒர்க்ஷாப்பில் ஒரு பையன் நட்டை முழுதாக எடுத்துவிட்டு பலம் கொண்ட மட்டும் இழுத்தான். வளையம் வந்து வாயில் அடித்து மேலுதடு கிழிந்தது, நான்கு தையல். அந்த மூன்று மரை இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வரவில்லை என்றால் இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போடுங்கள், சுத்தியலால் தண்டைத் தட்டாதீர்கள், உள்ளே இருப்பவை அடி தாங்காது.

மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்து, மேனுவல் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், புது நட்டு போடச் சொன்னால் புதுசே போடுங்கள். பேட்டின் கனெக்டரை மாட்டும் முன் சாவியைத் திருப்பினால் பிழை பதிவாகி லைட் எரிந்தபடியே இருக்கும். எல்லாம் மாட்டி முடித்து பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டும்போது வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம். வெளியே நின்றபடி சாவியைத் திருப்புங்கள், ஏர்பேக் லைட் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும்.

பெரம்பூரிலிருந்து: ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றிய மறுநாளே ஹாரன் அடிக்கவில்லை, ஏர்பேக் லைட்டும் எரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இரண்டின் மின் இணைப்பும் ஒரே வழியாகத்தான் போகின்றன, அதன் பெயர் கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தட்டையான டப்பா, உள்ளே இஞ்ச் டேப் மாதிரி சுருண்டிருக்கும் மெல்லிய ரிப்பன். ராக்கைக் கழற்றியபோது தண்டு தனியாகி ஸ்டீயரிங் இஷ்டத்துக்குச் சுற்றியிருக்கும், நடு தவறிப்போய், நீங்கள் முழுதாக ஒடித்த முதல் தடவையே ரிப்பன் அறுந்திருக்கும். புதிதுதான் மாற்ற வேண்டும், ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது.

மாற்றுபவரிடம் நடுவைப் பிடிக்கச் சொல்லுங்கள்: சக்கரம் நேராக இருக்க, டப்பாவை மெதுவாக ஒரு பக்கம் நிற்கும் வரை சுற்றி, மேனுவல் சொன்ன அளவு (பல வண்டிகளில் இரண்டரைச் சுற்றுக்குப் பக்கமாக இருக்கும்) எதிர்ப்பக்கம் திருப்பி, இரண்டு குறியையும் சேர்க்க வேண்டும். புது டப்பா பூட்டிய நிலையில் வரும், மாட்டும் வரை அந்தப் பூட்டை எடுக்கக் கூடாது. வண்டியில் இஎஸ்சி (வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் அமைப்பு) இருந்தால் ஸ்கேனர் வைத்து ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாருக்கும் நடுவைச் சொல்லித் தர வேண்டும். அதுவரை ஓட்டாதீர்கள். லைட் எரியும் வண்டியில் ஏர்பேக் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

ராயப்பேட்டையிலிருந்து: ஜி.பி. ரோட்டில் ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் பார்த்தேன், 2021 மாடல் வண்டிக்குப் போடலாமா?

கூடாது. 2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அதைக் கழற்றி எறிந்துவிட்டு வளையம் மாட்ட என்னிடம் வழி கேட்காதீர்கள். பேட்டின் மேல் ஸ்டிக்கர், சாமி படம், கவர் எதுவும் ஒட்டவும் வேண்டாம், வெடிக்கும்போது முதலில் முகத்துக்கு வருவது அதுதான்.

கொளத்தூரிலிருந்து: புதுப்பேட்டையில் பழைய ஏர்பேக் பேட் மலிவாகக் கிடைக்கிறதே?

கதவு, கண்ணாடி, லைட் எல்லாம் அங்கே வாங்குங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். இதை வேண்டாம். அது எந்த வெள்ளத்தில் ஊறியது, எத்தனை கோடை பார்த்தது என்று வெளியிலிருந்து தெரியாது. டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெக்கையிலும் ஈரப்பதத்திலும் கெட்டு, வெடிக்கும்போது இரும்புச் சில்லுகளை உள்ளே வீசி உயிர்களைப் பறித்தது. வெக்கையும் ஈரப்பதமும் நம் ஊரில் குறைவா? உங்கள் வண்டி அந்த ஏர்பேக்கை மாற்றுவதற்காகத் திரும்ப அழைக்கும் ரீகால் பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள், இருந்தால் மாற்றித் தருவதற்குக் காசு கிடையாது.