வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இல்லை?

சென்ற இதழில் நேபாளத்தின் 2015-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி எழுதியிருந்த சிறு பதிலைப் படித்துவிட்டு, அண்டை நாடுகளின் ஆட்சிமுறைகளை ஒப்பிட்டுக் கேட்கும் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவுக் கணவாய்க்கு இருபுறமும் உள்ள ஊர்களிலிருந்து வந்தவை. ஒன்று மட்டும் ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து வந்தது.

ஆரியங்காவு வாசகர்: எங்கள் ஊர்ச் சாயக்கடையில் (தேநீர்க் கடையில்) ஒரு தகராறு. தெற்காசியாவில் உண்மையான மக்களாட்சி இந்தியா மட்டுமே என்கிறார் ஒருவர். 2022-இல் குடியரசுத் தலைவரையே நாட்டை விட்டு ஓடவைத்த இலங்கை மக்கள் நம்மைவிட மேல் என்கிறார் இன்னொருவர். இரு நாடுகளுக்கும் நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

மதிப்பெண் போடும் வேலையை உலகில் பல நிறுவனங்கள் ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நானும் சேர விரும்பவில்லை. ஆனால், உங்கள் சாயக்கடையின் இரண்டாவது நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: மக்கள் ஏன் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழைய வேண்டியிருந்தது? 1978-ஆம் ஆண்டு அரசமைப்பின்படி இலங்கையின் குடியரசுத் தலைவர் நேரடியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நிறைவேற்று அதிகாரம் முழுவதையும் தன் கையில் வைத்திருப்பவர். அவரைப் பதவிக்காலத்தின் நடுவே நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையும் உச்ச நீதிமன்றத்தின் விசாரணையும் தேவை. நம்மிடமோ, 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கவிழ்ந்தது. யாரும் எந்த மாளிகைச் சுவரிலும் ஏறவில்லை. ஆகவே 2022 ஜூலை 9-ஆம் தேதி கொழும்பில் நடந்ததை அந்த ஆட்சிமுறையின் பெருமையாக நான் எண்ணுவதில்லை. கதவைத் திறக்க வழியில்லாத வீட்டில் கூரையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்ததைப் போன்றது அது.

பெருமை அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் கோட்டாபய ராஜபக்ச வெளியேறிய பின் படைத்தளபதி எவரும் நாற்காலியில் அமரவில்லை. அரசமைப்பில் சொல்லியபடி நாடாளுமன்றம் கூடி, இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. மக்களுக்கு அவரைப் பிடித்திருந்ததா என்பது வேறு கேள்வி. 2024 செப்டம்பரில் நேரடித் தேர்தல் நடந்தது. அவர் தோற்றார், போனார். அதுவரை நாடாளுமன்றத்தில் மூன்றே உறுப்பினர்களைக் கொண்டிருந்த அணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க பதவியேற்றார். ஆட்சியில் இருப்பவர் வாக்குச்சீட்டில் தோற்றதும் வீட்டுக்குப் போகிறாரா என்பதே நான் முதலில் பார்க்கும் சோதனை. வங்காளதேசம் 2014-இல் இந்தச் சோதனைக்கே வரவில்லை. மொத்தம் 300 தொகுதிகளில் 153-இல் போட்டியே இல்லாமல் முடிவு அறிவிக்கப்பட்டது.

முதல் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலையில் இருந்த நாடு நம்முடையது. மக்களவையின் ஆயுள் தேர்தல் இல்லாமலேயே நீட்டிக்கப்பட்டது. 1977-இல் வடக்கே இந்திரா காந்தியைத் தோற்கடித்த வாக்காளரைப் புகழ்ந்து பேசும்போது, அதே தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளும் காங்கிரஸ் அணிக்கே போயின என்பதையும், ஆந்திரத்தில் 42-இல் 41 அக்கட்சிக்கே கிடைத்தன என்பதையும் நம் பக்கத்துக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டிலும் அந்தக் கூட்டணிதான் பெருவெற்றி பெற்றது.

குளத்துப்புழை வாசகி: நான் மறுவாழ்வு ரப்பர் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவள். என் பாட்டி இலங்கையின் கண்டிச்சீமையிலிருந்து வந்தவர். இலங்கையில் 1931-லேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது என்று பள்ளியில் படித்தேன். அங்கிருந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை என்கிறார் பாட்டி. எது சரி?

இரண்டும் சரி. பாட்டியின் பழைய கடவுச்சீட்டின் படத்தைக் கடிதத்துடன் அனுப்பியிருக்கிறீர்கள். மூலையில் கறையான் அரித்த அந்தத் தாளில் உங்கள் கேள்விக்கான விடை பாதி இருக்கிறது.

பிரிட்டிஷ் அரசு அமைத்த டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931-இல் ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை வழங்கிய நாடு இலங்கை. நாம் அந்த நிலையை எட்ட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. தோட்டத் தொழிலாளர் தங்கள் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போதே இருந்தபோதிலும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களைச் சேர்ந்த மலையகத் தமிழர் கணிசமாக வாக்களித்தனர். 1947 தேர்தலில் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட மலையகப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் வந்தது. தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது அந்தச் சட்டம். லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு வரிசையின் அறையில், பக்கத்து வீட்டுக் கிழவியின் கையில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமக்களுக்கே வாக்கு என்று ஆனது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அதே தொண்டமான் இடையில் நியமன உறுப்பினராக அவைக்கு வந்தாரே தவிர, வாக்குப் பெற்று மறுபடி வென்றது 1977-இல்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, அனைத்தும் சட்டப்படி நடந்தது என்பதுதான். தேர்ந்தெடுக்கப்பட்ட அவை, விவாதம், வாக்கெடுப்பு, பெரும்பான்மை எதிலும் குறைவில்லை. பிறகு 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்பாட்டில் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். உங்கள் பாட்டியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி வந்தவர்களுக்காகத்தான் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் உங்கள் தோட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. இலங்கையிலேயே தங்கிவிட்ட நாடற்றவர்களின் சிக்கல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்ந்தது.

பூட்டானின் கதையும் இதன் நிழலே. 2008-இல் அரசரே முன்னின்று மக்களாட்சியைக் கொடுத்த நாடு என்று அதை மெச்சுகிறோம், மெச்சத்தக்க செய்திதான். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, தெற்குப் பகுதியில் நேபாளி பேசும் மக்களிடம் 1958-ஆம் ஆண்டு நிலவரி ரசீதைக் காட்டச் சொன்னார்கள். காட்ட முடியாத பலர் குடியுரிமை இழந்தார்கள்; 1990-களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நேபாள முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாக்குச்சாவடி திறந்தபோது அவர்கள் வரிசையில் இல்லை. ஒரு நாட்டில் வாக்குப்பதிவு எத்தனை விழுக்காடு என்று கேட்பதற்கு முன், அந்த விழுக்காட்டைக் கணக்கிட்ட பட்டியலில் யார் பெயர் இல்லை என்று கேளுங்கள்.

கேரளத்தில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய பட்டியலில் தன் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று தேடுவதற்காக, விடியற்காலையில் பால்வெட்டை முடித்துக்கொண்டு பாட்டி கிராம அலுவலகத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். மலையாளத்தில் ஒரு விதமாகவும் தமிழில் ஒரு விதமாகவும் எழுதப்படும் பெயர் அவருடையது. பெயர் கிடைத்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கும் நிம்மதி.

தென்மலை வாசகர்: இலங்கையில் விருப்பு வாக்கு என்கிறார்களே, அது என்ன? நம் முறையைவிட நல்லதா?

குடியரசுத் தலைவர் தேர்தல் வாக்குச்சீட்டில் நீங்கள் 1, 2, 3 என்று மூவரை வரிசைப்படுத்தலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்பங்களை அந்த இருவருக்கும் சேர்த்து எண்ணுவார்கள். 2024-இல்தான் முதல் முறையாக அப்படி எண்ண நேர்ந்தது. அநுர முதல் எண்ணிக்கையில் பெற்றது 42.31 விழுக்காடு. மாலத்தீவில் இதையே வேறு நாளில் இரண்டாம் சுற்றாக நடத்துகிறார்கள். (நம் திருவனந்தபுரத்திலேயே மாலத்தீவுத் தேர்தலுக்கு வாக்குப்பெட்டி வைக்கிறார்கள், மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அவ்வளவு பேர் அங்கே வந்து தங்குகிறார்கள்.) நல்லதா என்றால், நல்லதுதான். நால்வர் போட்டியிட்டு முப்பது விழுக்காட்டுக்காரர் வென்றுவிடும் நம் தொகுதிகளில், மீதி எழுபது பேர் யாரை வேண்டவே வேண்டாம் என்றார்கள் என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

நகரி வாசகர்: பாகிஸ்தானில் ஒரு பிரதமர்கூட ஐந்து ஆண்டை முடித்ததில்லையாம். நம் நாட்டில் அப்படி நடக்காது அல்லவா?

டெல்லியில் நடக்கவில்லை என்று திருத்திக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் அரசமைப்பில் 58(2)(பி) என்றொரு பிரிவு இருந்தது. அதைக் கொண்டு அந்நாட்டின் அதிபர்கள் 1988 முதல் 1996 வரை நான்கு முறை தேசிய அவையைக் கலைத்தார்கள். மாநில அரசை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் நம் 356-ஆம் பிரிவு மாநில அளவில் அதன் உடன்பிறப்பு. 1957-இல் வாக்குப் பெற்று வந்த ஈ.எம்.எஸ். அரசைக் கேரளத்தில் 1959 ஜூலை 31-ஆம் தேதி நீக்கியது அந்தப் பிரிவுதான். உங்கள் மாநிலத்தில் 1984 ஆகஸ்ட்டில் அந்தப் பிரிவுகூடத் தேவைப்படவில்லை. ஆளுநர் ராம்லால் ஒரு கையெழுத்தில் முதல்வர் என்.டி. ராமராவை நீக்கினார். உங்களுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல் என்றால், சட்டமன்ற உறுப்பினர்களை டெல்லிக்கு அழைத்துச் சென்று குடியரசுத் தலைவர் மாளிகையில் தலை எண்ணிக்கை காட்டியது நினைவிருக்கும். ஒரே மாதத்தில் ராமராவ் மீண்டும் முதல்வரானார்.

வேறுபாடு எங்கே என்றால், 1994-இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் அல்ல, அவையிலேயே நிரூபிக்க வேண்டும் என்றது. அதன் பிறகு 356-இன் வேகம் வெகுவாகக் குறைந்தது. பாகிஸ்தானும் 2010-இல் தன் பிரிவைத் திருத்தி அதிபரின் பல்லைப் பிடுங்கியது. ஆயினும் அங்கே படைத்தலைமையின் நிழலை அந்தத் திருத்தத்தால் எடுக்க முடியவில்லை.

புளியரை வாசகர்: இலங்கையில் மாகாண சபைத் தேர்தலை ஆண்டுக்கணக்கில் நடத்தாமல் இருப்பது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். 1987-இல் 13-ஆம் திருத்தத்தால் உருவான அந்தச் சபைகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014-இல். வடக்கு மாகாணத்துக்கு 2013-இல். அந்தச் சபைகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆளுநர்களே நிர்வகிக்கிறார்கள். தொகுதி எல்லை வரையறை முடியவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்தக் காரணத்தை நீங்கள் வேறெங்கோ கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வார்டு வரையறை, வழக்கு, மாவட்டப் பிரிப்பு என்று தள்ளிப்போய், தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் ஒன்று முழுவதையும் தனி அலுவலர்கள் கழித்தார்கள். உங்கள் ஊரிலிருந்து கணவாய் ஏறிப் போனால் வரும் ஆரியங்காவிலோ 2015-இல் தேர்தல் நடந்தது. 2020 டிசம்பரில், பெருந்தொற்று நடுவிலும், முகக்கவசத்துடன் வரிசையில் நின்று மறுபடி வாக்களித்தார்கள். 2025 டிசம்பரிலும் நடந்துவிட்டது. உள்ளாட்சிகளின் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டுகளாக வரையறுக்கும் 243-ஈ என்ற ஒரே அரசமைப்புப் பிரிவுதான் இரண்டு ஊர்களுக்கும் பொருந்தும்.

உங்கள் ஊராட்சியின் இப்போதைய பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. தேர்தல் அறிவிப்பு வந்தால் எனக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்; வராவிட்டாலும் எழுதுங்கள்.