சினிமா கணக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

சாலிகிராமம், வடபழனி பக்கம் 19 வருடமாகப் பட நிறுவனங்களில் கணக்கு பார்க்கிறேன். நடுவில் சில சீரியல்களுக்கும் கணக்கு பார்த்தேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து பி.காம். முடித்த ஒருவர்: அண்ணா, டேலி தெரிந்தால் இந்த வேலைக்குப் போதுமா?

டேலி கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்தான், ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும் தம்பி. படப்பிடிப்பு பிடிபட ஒரு படம் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். விடிவதற்குள் கேஷியர் பையோடு கிளம்பிவிடுவார். வண்டிக்கு டீசல், ஜெனரேட்டர், லொகேஷன் வாடகை, துணை நடிகர் ஏஜென்ட், சாப்பாடு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். அன்றைய படப்பிடிப்பு முடிந்தது என்று பேக்கப் சொன்னதும் பேட்டா, அதாவது அன்றைய கூலி. நேரம் நீண்டிருந்தால் ஒன்றரை பேட்டா. யாருக்கு எத்தனை மணிவரை வேலை என்பது அந்த இடத்திலேயே குறிக்கப்படாவிட்டால், மறுநாள் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள்.

மறுநாள் காலை தயாரிப்பாளர் கையில் ஒரு பக்க அறிக்கை இருக்க வேண்டும். பட்ஜெட் எவ்வளவு, இன்றுவரை செலவு எவ்வளவு, மிச்சமுள்ள காட்சிகளுக்கு எவ்வளவு ஆகும். முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுகிறார்கள், மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். 40 நாள் ஷெட்யூலில் 20 நாள் முடிந்து பாதிப் பணம் செலவாகியிருந்தால் எல்லாம் சரி போலத்தான் தெரியும். ஆனால் மிச்சம் இருப்பது இரண்டு பாட்டும் க்ளைமாக்ஸ் சண்டையும் என்றால், அந்தப் படம் அன்றே பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. அதைத் தயாரிப்பாளரிடம் முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள்: தொகை எழுதாத வவுச்சரில் (பணம் கொடுத்ததற்கான சீட்டு) யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள், நீங்களும் போடாதீர்கள்.

மதுரை: சி.ஏ. முடித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஆடிட்டர் தனியாக இருப்பார்.

கோடம்பாக்கம், உதவிக் கணக்காளர்: யாருக்கு எவ்வளவு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று குழம்புகிறது.

நடிகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், பாடகர், வசனகர்த்தா எல்லோரும் தொழில்முறைக் கட்டணத்தில் வருவார்கள், 10 சதவீதம். கேமரா, லைட் வாடகைக்கு 2. செட் போடும் ஒப்பந்தக்காரர் தனி ஆள் என்றால் 1, நிறுவனம் என்றால் 2. அட்வான்ஸ் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டும். கடைசித் தவணையில் மொத்தமாகப் பிடிக்கலாம் என்று விட்டால், அந்தத் தவணை வராத படங்களும் உண்டு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. வரி கட்டும் சலானில் எந்த எண் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுப் போடுங்கள்.

தயாரிப்பு நிர்வாகி ஒருவர்: வவுச்சர் வவுச்சர் என்கிறீர்கள். நடுரோட்டில் 150 பேரை நிறுத்திவைத்து எழுதிக்கொண்டிருந்தால் ஷாட் போய்விடும். பேட்டாவையும் பேங்கில் போடச் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன் சார். அன்றைய உழைப்புக்கு அன்றே காசு பார்ப்பது லைட்மேனின் உரிமை. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்வரை ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சட்டத்தில் சிக்கல் இல்லை, பேட்டா அதற்குள் வந்துவிடும்.

அவரே: அதைத்தான் நாங்களும் செய்கிறோம். பெரிய பில் என்றால் இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம்.

அங்கேதான் தப்பு. ஒரே நாளில் ஒரே ஆளுக்குக் கொடுத்ததை மொத்தமாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். நான் கணக்கு பார்த்த ஒரு படத்தில் ஒரே செட் ஒப்பந்தக்காரர் பெயரில் ஒரே தேதியில் 9,500 ரூபாய்க்கு மூன்று வவுச்சர் இருந்தது. முன்கூட்டியே கையெழுத்து வாங்கிய வெற்று வவுச்சர் கட்டிலிருந்து கிழித்து எழுதியவை. 28,500 ரூபாயும் வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படவில்லை. அந்த ஒப்பந்தக்காரரோ எனக்கு இவ்வளவு வரவே இல்லை என்றார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. தலைகுனிந்து நின்றேன்.

அவரே: அந்தரத்தில் கிரேன் நிற்கும்போது பணம் கேட்டால் என்ன செய்வது?

கொடுங்கள். யார், எதற்கு, எவ்வளவு என்று போனில் ஒரு வரி எனக்கு அனுப்புங்கள். பேக்கப்புக்குள் வவுச்சர் நான் எழுதுகிறேன். ஷாட்டை நிறுத்தச் சொல்லி நான் எப்போதும் கேட்டதில்லை சார்.

சேலம், ஈரோடு, நாகர்கோவில்: சி.ஏ. வேண்டுமா? டேலி போதுமா?

மேலே சொல்லிவிட்டேன், படித்துவிட்டுக் கேளுங்கள்.

புதுத் தயாரிப்பாளர்: படம் பொங்கலுக்கு வந்தால் வரியில் நஷ்டம் என்கிறார்களே?

நஷ்டம் இல்லை, தள்ளிப்போகும். படம் வெளியாகி நிதியாண்டு முடிய 90 நாளாவது இருந்தால், தயாரிப்புச் செலவு முழுவதையும் அந்த ஆண்டே கழிக்கலாம். தீபாவளிப் படத்துக்கு அந்த நாள் கிடைத்துவிடும். ஜனவரி 14-லிருந்து மார்ச் 31-க்கு 76 நாள்தான். அதனால் அந்த ஆண்டு வந்த வருமானம் அளவுக்குத்தான் கழிக்க முடியும், மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். எல்லா உரிமையையும் அந்த ஆண்டே விற்றுவிட்டால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. சென்சார் சான்றிதழுக்குப் பிறகு செய்யும் விளம்பரச் செலவு இந்தத் தயாரிப்புச் செலவில் சேராது, அதற்குத் தனித் தலைப்பு போடுங்கள்.

சீரியல் நிறுவனம்: சேனலோடு ஜிஎஸ்டி தகராறு, நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீஸுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. பதில் தேதி தாண்டும் முன் ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள்.

கோவை: டேலி மட்டும் தெரியும், வேலை...

தம்பி, மேலே.

பெயர் வேண்டாம் என்று ஒருவர்: வேலையில் சேர்ந்து பத்து நாள். நேற்று மேனேஜர் சொன்னார் என்று 50 வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பயப்படாதீர்கள், இன்றே சரிசெய்யலாம். 50-இன் வரிசை எண்ணையும் எழுதுங்கள். பயன்படாதவற்றைத் திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி அதே ஃபைலில் வையுங்கள். பயன்பட்டவற்றை யாருக்கு எவ்வளவு போனது என்று வாங்கியவரிடமே கேட்டு நிரப்புங்கள். எண்களையும் தேதியையும் போட்டுத் தயாரிப்பாளருக்கு இன்றிரவே ஒரு மெயில் அனுப்புங்கள். திருப்பித் தர மறுத்தால், தரவில்லை என்பதையும் அதே மெயிலில் சேர்த்துவிடுங்கள்.