வாசகர் கேள்வி – பதில்: பாட வீடியோ யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கணக்கியல் பாடங்களை வீடியோவாக எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். அத்தனையும் ஒரு டெலிகிராம் சேனலில் இலவசமாக ஓடுகின்றன. பதிப்புரிமையைப் பதிவு செய்யாமல் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பாடத்தை வீடியோவாக எடுத்த உடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. வழக்கு என்று போனால்தான் சில நாடுகளில் பதிவுச் சான்று கேட்பார்கள்.

எடுத்த எடுப்பில் சேனல்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு பெயரில் கடை விரிப்பார். உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. முதலில் தேதியும் சேனல் முகவரியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடிட் செய்யாத மூல ஃபைல்களைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு டெலிகிராமின் பதிப்புரிமைப் பிரிவுக்கு எழுதுங்கள். அமெரிக்காவின் 1998 டி.எம்.சி.ஏ. (டிஜிட்டல் பதிப்புரிமை) சட்டப்படி அதில் இருக்க வேண்டியவை: உங்கள் படைப்பு எது, நகல் எந்த லிங்கில் இருக்கிறது, உங்கள் தொடர்பு விவரம், இதற்கு அனுமதி தரப்படவில்லை என்று உண்மையாகவே நம்புவதாக ஒரு வரி, தகவல்கள் சரியானவை, உரிமையாளர் நானே என்ற உறுதிமொழி, கையொப்பம்.

பல புகார்கள் லிங்க் விஷயத்தில்தான் அடிபடுகின்றன. 'இந்தச் சேனல் முழுக்க என்னுடையது' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பலன் இருக்காது. ஒவ்வொரு பதிவின் லிங்கையும் தனித்தனியாக, எந்தப் பாடத்தின் நகல் என்று எதிரே குறித்துக் கொடுங்கள்.

இனி ஏற்றும் வீடியோக்களில் மாணவரின் மின்னஞ்சல் முகவரி திரையில் இடம் மாறி மாறித் தெரியும்படி வாட்டர்மார்க் வையுங்கள். ஒரே மூலையில் நின்றால் வெட்டிவிடுவார்கள். கசியவிட்டது யாருடைய கணக்கு என்பதும் இதில் தெரிந்துவிடும்.

கேள்வி: பயிற்சி நிறுவனத்திலிருந்து விலகி, அங்கே நடத்திய பாடத்தையே என் யூடியூப் சேனலில் போட்டேன். நிறுவனத்தின் பதிப்புரிமைப் புகாரால் வீடியோ நீக்கப்பட்டு, ஸ்ட்ரைக் (யூடியூப் தரும் எச்சரிக்கை) விழுந்துவிட்டது. பாடம் என்னுடையதுதானே?

பதில்: பாடப்பொருள் யாருக்கும் சொந்தமில்லை, அதை விளக்கிய விதம், ஸ்லைடு, பயிற்சித்தாள் ஆகியவற்றுக்குத்தான் உரிமை. சம்பள வேலையின் பகுதியாகத் தயாரித்தவை பல நாடுகளில் நிறுவனத்துக்கே போகும். ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவர் என்றால், உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

உங்கள் வார்த்தையில், புது உதாரணங்களோடு புதிதாக எடுத்த வீடியோ என்றால் எதிர்மறுப்பு (புகார் தவறு என்று உறுதிமொழியோடு யூடியூபுக்கு எழுதும் பதில்) அனுப்புங்கள். புகார்தாரர் 10 அமெரிக்க வேலைநாட்களுக்குள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். நிறுவனத்துக்காகத் தயாரித்த பழைய ஸ்லைடு ஒன்று இருந்தாலும் அனுப்பாதீர்கள். பொய்யான உறுதிமொழி சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். 90 நாட்களுக்குள் 3 ஸ்ட்ரைக் என்றால் சேனலே பறிபோகலாம். அதனால் அதே ஸ்லைடு உள்ள மற்ற வீடியோக்களை இப்போதே நீக்கிவிடுங்கள்.