பொரித்த கோழி: மாவுப் போர்வைக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: கோழி இறைச்சி உடம்புக்கு நல்லது என்கிறீர்கள். அதையே மாவில் தோய்த்துப் பொரித்தால் மட்டும் எப்படிக் கெட்டதாகிவிடும்? உள்ளே இருப்பது அதே கோழிதானே?

பதில்: அதே கோழிதான். குறை சொல்ல வேண்டியது அதன் மேலே இருப்பதை. தோல் நீக்கி, எண்ணெய் இல்லாமல் சமைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 165 கலோரி, 31 கிராம் புரதம், 4 கிராமுக்கும் குறைவான கொழுப்பு. அதைத் தோலோடு மாவில் தோய்த்துப் பொரித்தால் கலோரி 260 ஆகிறது, கொழுப்பு 13 கிராம். புரதம் 25 கிராமாக இறங்குகிறது. அந்த இடத்தை மாவு பிடித்துக்கொள்கிறது. இறக்கையில் கணக்கு இன்னும் ஏறும்: 320 கலோரி, கொழுப்பு 20 கிராமுக்கு மேல். சதை குறைவு, தோலும் மாவும் அதிகம். ஆகவே "சின்னத் துண்டுதானே" என்று எடுத்துச் சாப்பிடுபவர்கள்தாம் அதிகம் கவனிக்க வேண்டும்.

கேள்வி: எண்ணெயை நன்றாகக் காயவைத்துத்தான் பொரிக்கிறேன். அப்படியும் துண்டுகள் எண்ணெய் குடிக்கின்றனவே?

பதில்: நீங்கள் பார்க்க வேண்டிய நேரம் வேறு. துண்டு எண்ணெயில் கிடக்கும்போது அதிலுள்ள நீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியே வருகிறது. வாணலியில் தெரியும் குமிழிகள் அவைதாம். அந்த ஆவி வெளியேறும்வரை எண்ணெய் உள்ளே நுழைய இடம் கிடைப்பதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் ஆவி ஒடுங்குகிறது. வெறுமையான நுண்துளைகள், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எண்ணெயின் பெரும்பகுதி சேருவது அந்தச் சில நிமிடங்களில்தான்.

எனவே எடுத்த உடனே வாணலிக்கு மேலேயே நன்றாக உதறுங்கள். சூடு இருக்கும்போதே தாளில் ஒற்றி எடுத்துக் கம்பித் தட்டில் பரப்புங்கள். ஆறிய பிறகு ஒற்றினால் பயன் மிகக் குறைவு. ஒரே நேரத்தில் நிறையத் துண்டுகளைப் போடாதீர்கள். 170 முதல் 180 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய எண்ணெய் சட்டென்று குளிர்ந்துவிடும், மேல்மாவு மொறுமொறுப்பாகாமல் ஊறிப்போகும். இன்னொன்று, நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால்தான் கிருமிகள் மடியும். வெளியே பொன்னிறமாகி, உள்ளே வேகாமல் இருப்பது பெரிய துண்டுகளில் அடிக்கடி நேர்வது.

கேள்வி: ஏர் ஃப்ரையர் வாங்கினால் சிக்கல் தீருமா?

பதில்: எண்ணெய்ச் சிக்கல் பெருமளவு தீரும். ஆனால் நீர்த்த மாவு அதில் எடுபடாது, சொட்டி வழிந்துவிடும். முட்டையில் தோய்த்து ரொட்டித் தூளில் புரட்டி, லேசாக எண்ணெய் தடவி வையுங்கள்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. எண்ணெயைக் குறைத்துவிட்டேன், பொரித்த கோழி சாப்பிடலாமா?

பதில்: உங்களுக்கு எண்ணெயைவிட உப்பே முதல் கவலை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பொரித்த கோழியிலோ ஊறவைக்கும் கலவையில் உப்பு, மாவில் உப்பு, பொரித்த பின் தூவும் தூளில் உப்பு, தொட்டுக்கொள்ளும் சாஸிலும் உப்பு. வீட்டில் செய்தால் ஊறவைக்கும்போது மட்டும் அளவாகப் போட்டு, மற்ற மூன்றையும் விடுங்கள். மிளகு, பூண்டு, எலுமிச்சை சுவையைத் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: மீந்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

பதில்: எண்ணிக்கையை விட அறிகுறியைப் பாருங்கள். கருத்தாலோ, பிசுபிசுத்தாலோ, நுரைத்தாலோ, வழக்கத்துக்கு முன்பே புகைந்தாலோ அதன் காலம் முடிந்தது. மேலே புது எண்ணெய் ஊற்றினாலும் பழையதில் உண்டான சிதைவுப் பொருள்கள் போகமாட்டா. உதிர்ந்த மாவுத் துணுக்குகள் எண்ணெயை விரைவில் கெடுப்பதால், ஒவ்வொரு முறையும் வடிகட்டுங்கள். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்ற வாசகத்தை நம்பி நிறைய ஊற்றாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை, கலோரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

கேள்வி: என் மகனுக்குத் தினமும் பொரித்த கோழி வேண்டும். தடுத்தால் சாப்பிடவே மறுக்கிறான். என்ன செய்வது?

பதில்: தினமும் என்பதை மட்டும் மாற்றியே ஆக வேண்டும், அம்மா. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, தினமும் ஒரு முறையாவது பொரித்த கோழி சாப்பிட்டவர்களிடம் இறப்பு அபாயம் 13 சதவீதம் கூடுதலாக இருந்தது என்றது. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய, காரணத்தை உறுதி செய்யவில்லை; குழந்தைகளைப் பற்றியதும் அல்ல. ஆனாலும் நாள்தோறும் உண்ணும் பழக்கம் சிறுவயதில்தான் வேர்விடுகிறது. அடியோடு நிறுத்தினால் ஆசைதான் வளரும். வாரத்தில் ஒரு நாளை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மற்ற நாள்களில் அதே மசாலாவில் ஊறிய கோழியைச் சுட்டோ குழம்பிலோ கொடுங்கள். அவன் தேடுவது பெரும்பாலும் அந்த மசாலா மணத்தைத்தான்.

கேள்வி: மேல்மாவையும் தோலையும் உரித்துவிட்டுச் சாப்பிட்டால்?

பதில்: மிக நல்ல வழி. கூடுதல் எண்ணெயின் பெரும்பகுதி அவற்றில்தான் தங்குகிறது. எல்லாவற்றையும் உரிக்க மனம் வராவிட்டால் ஒரு துண்டை மாவோடு ரசித்துச் சாப்பிட்டு, அடுத்ததை உரித்துக்கொள்ளுங்கள்.