பெடல் தலைகீழாக இருக்கிறதே, வாங்கலாமா?

டெக்ஸாஸில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது (மேசை போலக் கிடத்தி, கம்பிகள்மேல் ஸ்டீல் துண்டை வழுக்கி வாசிப்பது; பாதத்தால் மிதிக்கும் பெடலும் முழங்காலால் தள்ளும் லீவரும் கம்பிகளின் சுரத்தை மாற்றும்). பத்துக் கம்பி, இ9 என்னும் சுருதி அமைப்பு, மூன்று பெடல், ஒரே ஒரு முழங்கால் லீவர். பாட வீடியோவில் இடது கோடியில் இருக்கும் பெடல் இதில் வலது கோடியில் இருக்கிறதாம். "1958-இல் அமைத்தது அப்படியே இருக்கு, அபூர்வம்" என்று விற்பவர் 800 டாலர் கூடுதலாகக் கேட்கிறாராம். இது பழுதா, பொக்கிஷமா?

இரண்டும் இல்லை. இதற்கு டே செட்டப் என்று பெயர். பெடல்களுக்கு ஏ, பி, சி என்று பெயர். ஏ பெடல், பி சுரத்தில் இருக்கும் கம்பிகளை சி ஷார்ப்புக்கு ஏற்றும், பி பெடல் ஜி ஷார்ப் கம்பிகளை ஏ சுரத்துக்கு ஏற்றும். ஆரம்பத்தில் இந்த இரண்டு வேலையையும் ஒரே பெடல்தான் செய்தது. 1954-இல் வெளிவந்த, கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார், ஒரு கார்டு வழுக்கிக்கொண்டு போய் இன்னொன்றாக நின்றது, அப்புறம் ஸ்டீல் வாசித்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. பிறகு ஜிம்மி டே, பட்டி எம்மன்ஸ் என்ற இரண்டு ஸ்டீல் கலைஞர்கள் வேலையை இரண்டு பெடலாகப் பிரித்தார்கள். எம்மன்ஸ் இடமிருந்து ஏ, பி, சி என்று வைத்தார், டே அதை வலமிருந்து வைத்தார். வருகிற சுரம் ஒன்றுதான், தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது அந்த 800 டாலருக்கு வருவோம். கிட்டார் முன்னால் உட்கார்ந்து, உங்களிடமிருந்து ஆகத் தள்ளி இருக்கும் இரண்டு கம்பிகளையும் மீட்டி ட்யூனரில் பாருங்கள். முதல் கம்பி எஃப் ஷார்ப், இரண்டாவது டி ஷார்ப் என்று காட்டினால், அந்த இரண்டையும் எம்மன்ஸ் சேர்த்ததே 1962-இல்தான். அதற்கு நான்கு வருஷம் முந்தைய அமைப்பில் அவை எப்படி வரும்? மரம் பழையதாக இருக்கலாம். பெடலிலிருந்து கம்பியை இழுக்கும், அடியில் இருக்கும் இழுகோல்களை யார் வேண்டுமானாலும் ஒரு மத்தியானத்தில் கழற்றி மாற்றி மாட்டிவிடலாம். தனக்குப் புரியாத செட்டப்பை எல்லாம் 'சரித்திரம்' என்று பெயர் வைத்துத் தலையில் கட்டும் தரகர்கள் நிறையப் பேர். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

"ஒரு மணி நேரத்தில் எம்மன்ஸ் முறைக்குத் திருப்பித் தருகிறேன்" என்று ஒரு ரிப்பேர்காரர் வருவார். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். இ கம்பிகளை எஃப்புக்கு ஏற்றும் லீவர் ஏ பெடலோடு ஜோடி. ஜி கார்டு வேண்டுமென்றால் எதையும் மிதிக்காமல் 3-ஆவது ஃப்ரெட்டில் கிடைக்கும், ஏ, பி இரண்டையும் மிதித்தால் 10-இல் கிடைக்கும், ஏ பெடலோடு இந்த எஃப் லீவரைச் சேர்த்தால் 6-இல் கிடைக்கும். அந்த 6-ஆவது ஃப்ரெட் இல்லாமல் பாதி வாசிப்பு இல்லை. எம்மன்ஸ் முறையில் ஏ பெடல் இடது ஓரம், அதனால் பாதம் இடப்பக்கம் சாயும்போது முழங்காலும் இடப்பக்கம் போய் லீவரைத் தள்ளும். டே முறையில் ஏ வலது ஓரம், ஆகவே எஃப் லீவரும் இடது முழங்காலுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். பெடலை மட்டும் மாற்றி லீவரை அப்படியே விட்டால் பாதம் ஒரு பக்கம், முழங்கால் மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும், ஒரு பாட்டு முடிவதற்குள் கணுக்கால் வலிக்கும். நாளைக்கு எஃப் லீவர் சேர்த்தாலும் இதே கணக்குத்தான். சில மாணவர் மாடல்களில் லீவர் சேர்க்க இடமே இருக்காது, அதையும் முதலிலேயே கேளுங்கள்.

எழுபது வருஷம் ஆகிவிட்டது, எந்தப் பெடல் எந்தக் கம்பியை எங்கே கொண்டுபோகிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கிட்டாரோடு கொடுக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை! விளம்பரத்தில் '3+1' என்று போடுவார்கள், அவ்வளவுதான். வாங்குகிறவன் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

அந்த ஒற்றை லீவரைத் தள்ளி, எந்தக் கம்பி எந்தச் சுரத்துக்குப் போகிறது என்று ட்யூனரில் பார்த்து எழுதி அனுப்புங்கள். இ கம்பியை டி ஷார்ப்புக்கு இறக்குகிறதென்றால், அந்த 800 டாலர் இல்லாத விலைக்கே கேட்டு வாங்கிவிடலாம்.