பைக் ஓட்டக் கையுறை வாங்கப் போகிறேன்: மாட்டுத்தோலா, ஆட்டுத்தோலா?

தினமும் 40 கிலோமீட்டர் ஆபீசுக்குப் போய்வருகிறேன், மாதம் ஒருமுறை மலைப்பாதைக்கும் போவேன், கடைக்காரர் மாட்டுத்தோல்தான் உறுதி என்கிறார், சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு வெள்ளாட்டுத்தோல் வாங்குங்கள். கடைக்காரர் சொல்வது தடிமனான மாட்டுத்தோலுக்குத்தான் பொருந்தும். அவ்வளவு தடிமனில் கையுறை தைத்தால் கிளட்ச் பிடிக்க முடியாது.

எனக்கு ஊர் திண்டுக்கல். அப்பா முப்பது வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். அப்படியிருந்தும் என் முதல் கையுறையை அவரிடம் காட்டாமல், 'அசல் தோல்' என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் வாங்கினேன். சிறுமலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜல்லி கிடந்தது. வேகம் 30-க்கு மேல் இருக்காது. வண்டி வழுக்கியதும் இரண்டு கையும் தானாகப் போய் ரோட்டில் ஊன்றிவிட்டன. கையுறையின் உள்ளங்கைப் பகுதி நார்நாராகப் பிய்ந்து, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் சதையும் உரிந்தது. ஆற ஒன்றரை மாதம் ஆனது. அப்பா கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஸ்பிளிட்டுப்பா, மேல பூச்சு பூசி வித்திருக்கான்" என்றார்.

ஸ்பிளிட் என்பது அடித்தோல். மாட்டுத்தோல் பல மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதை மெஷினில் பிளந்து மேல்பகுதியைத் தனியாக எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கும் அடிப்பகுதியும் தோல்தான், ஆனால் அதில் மேல்பரப்பு கிடையாது. அதன்மேல் பூச்சு ஏற்றி, அச்சு வைத்து அழுத்திவிட்டால் பார்ப்பதற்கு முழுத்தோல் போலவே இருக்கும். அதனால் 'அசல் தோல்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஃபுல் கிரெயினா, அதாவது மேல்பரப்பு அப்படியே இருக்கும் தோலா என்று கேளுங்கள்.

அப்புறம் ஏன் வெள்ளாடு? கையுறைக்கு வேண்டியது சுமார் 0.8 முதல் 1.2 மில்லிமீட்டர் தடிமன். எந்தத் தோலிலும் மேலே ரோமக்கால்கள் உள்ள அடுக்கு ஒன்று உண்டு. பலம் பெரும்பாலும் அதற்குக் கீழே பின்னிக்கிடக்கும் நார்களில்தான் இருக்கிறது. மாட்டுத்தோலை ஒரு மில்லிமீட்டருக்குச் சீவினால் அந்த நார்ப்பகுதியில் பெரும்பங்கு போய்விடும். வெள்ளாட்டுத்தோல் இயல்பிலேயே மெல்லியது, அதிகம் சீவ வேண்டியதில்லை, நார்ப்பின்னல் அப்படியே நிற்கும். ஒரே தடிமனில் வைத்துப் பார்த்தால் அது மாட்டுத்தோலுக்குச் சளைக்காது, பல சமயம் மிஞ்சும். விரலும் நன்றாக மடங்கும். உள்ளங்கையில் இரண்டு அடுக்காகத் தைத்திருந்தால் இன்னும் நல்லது.

கடையில் வெறுமனே 'ஆட்டுத்தோல்' என்றால் விடாதீர்கள், வெள்ளாடா செம்மறியா என்று கேளுங்கள். செம்மறித்தோல் தொட்டால் பட்டுப்போல இருக்கும், கை உடனே மயங்கிவிடும். ஆனால் அதன் மேலடுக்குக்கும் நார் அடுக்குக்கும் நடுவே கொழுப்பு அதிகம். பதனிடும்போது அந்தக் கொழுப்பு போனதும் அந்த இடம் தளர்ந்து, உரசினால் மேலடுக்கு உரிந்து வரும். ஜாக்கெட்டின் உள்பக்கத்துக்கு வைக்கலாம், ரோட்டில் தேயப்போகும் உள்ளங்கைக்கு வேண்டாம்.

கங்காரு தோல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மெல்லியதாக இருந்தும் மிக உறுதியான தோல் அது. நார்கள் மேல்பரப்புக்கு இணையாக ஓடுவதுதான் காரணம். ரேஸ் கையுறைகளில் உள்ளங்கைக்கு அதைப் போடுவார்கள். விலை உங்கள் பட்ஜெட்டில் அடங்காது.

கையுறையைக் கையில் எடுத்ததும் உள்ளங்கைத் தோலை மேல்பரப்பு உள்பக்கம் வரும்படி மடித்துப் பாருங்கள். பொடிப்பொடியான சுருக்கம் விழுந்தால் நெருக்கமான தோல். பெரிய மடிப்பாக உப்பிக்கொண்டு எழுந்தால் தளர்ந்த தோல். அது பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்துத் துண்டாக இருக்கும். முதுகுப் பக்கத் தோல்தான் இறுக்கமானது, உள்ளங்கைக்கு அதைத்தான் வெட்ட வேண்டும். காற்றுக்காகத் துளை போட்ட தோல் கையின் மேல்பக்கம் இருக்கலாம், உள்ளங்கையில் இருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தைத் தேய்த்தும் பாருங்கள். சாயம் ஒட்டினால், வியர்வையில் உங்கள் கையிலும் ஒட்டும்.

நம் வெயிலில் வியர்வைதான் பெரிய எதிரி. குரோம் உப்பில் பதனிட்ட தோல் (சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு குரோம் தோல் தொழிற்சாலையால்தான்) நனைந்து காய்ந்தாலும் ஓரளவு மென்மையாகவே இருக்கும். ஆவாரம்பட்டை போன்றவற்றில் பதனிட்ட தோல் எனக்கு மிகவும் பிடிக்கும், கைப்பைக்கும் செருப்புக்கும் அருமையானது. கையுறையில் அது நனைந்து காய்ந்து காய்ந்து விறைத்துப் போகும். எதுவானாலும் நிழலில் காய வையுங்கள். சூடான எஞ்சின் மேல் காயவைத்து நல்ல ஜோடியை அப்பளமாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கீழே விழும்போது தையல் பிரிந்தால் எல்லாம் வீண். உள்ளங்கை ஓரத்திலும் சுண்டுவிரல் பக்கத்திலும் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் லேபிளில் இஎன் 13594 என்ற ஐரோப்பியத் தர எண்ணையும் தேடுங்கள். நிலை 1, நிலை 2 என்று இரண்டு உண்டு, 2 உயர்ந்தது. கேபி என்று போட்டிருந்தால் விரல் முட்டிப் பாதுகாப்பும் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

கடைசியாக, மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி மாட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கையை மடக்குங்கள். விரல் நுனி முட்டக் கூடாது. அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் விரல் நுனிகளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கையுறை கழன்று வந்தால் அந்த ஜோடியை வைத்துவிட்டு அடுத்ததைப் போட்டுப் பாருங்கள்.